ஒரே எல்போவுக்கு நான்கு பெயர்: மென்பொருள் வாங்கும் முன் மாஸ்டரைச் சரிசெய்யுங்கள்

கேள்வி: ஈரோட்டில் பி.வி.சி. பைப், ஃபிட்டிங்ஸ், பம்ப்செட் மொத்த வியாபாரம் செய்கிறோம். கோபியிலும் தாராபுரத்திலும் கிளைகள் உள்ளன. ஆண்டு விற்றுமுதல் சுமார் 9 கோடி ரூபாய். மொத்தம் 11 பேர் பில் போடுகிறார்கள். டாலி கணக்கு மென்பொருளில் 6,800 சரக்குப் பெயர்கள் இருக்கின்றன; உண்மையில் நாங்கள் விற்பது அதில் பாதிகூட இருக்காது. கணினியில் இருப்பு காட்டும் சரக்கு குடோனில் இல்லை; குடோனில் இருக்கும் சரக்கு கணினியில் மைனஸ் காட்டுகிறது. ஒரே கடைக்காரர் மூன்று பெயரில் இருப்பதால் பாக்கி கேட்டால் தகராறு வருகிறது. சென்ற மாதம் ஒரு பார்ட்டி, பில்லில் ஜி.எஸ்.டி. எண் தவறு என்று சொல்லி 2 லட்சம் ரூபாயை நிறுத்திவிட்டார். கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் இ.ஆர்.பி. மென்பொருள் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறான் என் மகன். 12 லட்சம் விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?
- ஈரோடு வாசகர்

பதில்: வாங்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். இன்றைய நிலையில் வாங்கினால் அந்த 6,800 பெயர்களும் அப்படியே புது மென்பொருளுக்குள் போய் உட்காரும். டாலியில் மைனஸ் காட்டிய எல்போ (பைப்பைத் திருப்பும் இணைப்பு) அங்கேயும் மைனஸ்தான் காட்டும். இங்கே உங்கள் கணக்கரே பத்து நிமிடத்தில் திருத்துவதை, அங்கே திருத்த விற்பனையாளரின் ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

இருப்பு வித்தியாசம், பாக்கித் தகராறு, ஜி.எஸ்.டி. எண் என்று மூன்று தொல்லைகளை எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பெரும்பங்கு காரணம் ஒன்றே. உங்களிடம் பில் போடும் 11 பேரில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், புதிதாக ஒரு சரக்கையோ பார்ட்டியையோ உருவாக்கிவிட முடிகிறது. கவுண்டரில் ஆள் காத்திருக்கும்போது தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. கிடைக்கவில்லை என்றால் புதுப் பெயர் போட்டு பில்லை அடித்துவிடுவார்கள். இந்த வாசலை அடைக்காமல் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் குப்பை திரும்பச் சேரும்.

ஆகவே முதல் வேலை உரிமையைக் கட்டுப்படுத்துவது. டாலியில் பயனர் பாதுகாப்பை இயக்கி, 11 பேருக்கும் தனித்தனிப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். பில் போடுபவர்களின் ரோலில் மாஸ்டர் (சரக்கு, பார்ட்டி ஆகியவற்றின் அடிப்படை விவரப் பதிவு) உருவாக்குதல், திருத்துதல் இரண்டையும் தடை செய்யுங்கள். எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால், யார் எதை மாற்றினார் என்று எடிட் லாக் எழுதிவைத்தாலும் அது உதவாது. உங்களுடையது பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் இந்தத் திருத்தப் பதிவு உள்ள கணக்கு மென்பொருள் சட்டப்படியே கட்டாயம்.

சரக்கு மாஸ்டரை உருவாக்கும் உரிமையை, சரக்கைக் கையில் எடுத்ததும் இது என்ன என்று சொல்லத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெரும்பாலும் அவர் கொள்முதல் பார்ப்பவராகவோ குடோன் பொறுப்பாளராகவோ இருப்பார். கணக்கரிடம் கொடுக்காதீர்கள், ஷெட்யூல் 40-க்கும் 80-க்கும் சுவர்த் தடிமன் வேறு என்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. பார்ட்டி மாஸ்டரைக் கணக்கர் பார்க்கட்டும். இருவருக்கும் விடுப்பு நாளில் மாற்றாள் ஒருவர் வேண்டும்.

இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பெயர் கேட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால், கவுண்டரில் இருப்பவர் கையில் கிடைத்த வேறு பெயரிலோ 'இதர ஃபிட்டிங்ஸ்' என்ற பெயரிலோ பில் போட்டுவிடுவார். அது புதுப் பெயர் போடுவதைவிடக் கெடுதல். எந்தச் சரக்கு வெளியே போனது என்பதே அழிந்துவிடும். கடை நேரத்தில் கோரிக்கை வந்தால் 30 நிமிடத்துக்குள் முடித்துத் தரவேண்டும் என்று விதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் சரக்கின் படம், உறையில் அச்சான எழுத்தின் படம், கொள்முதல் பில்லின் படம் மூன்றும் வந்தால் போதும். 'இதர' பெயரில் விழும் தொகையை வாரம்தோறும் பாருங்கள். அது ஏறினால் குறை பொறுப்பாளரின் வேகத்தில் இருக்கிறது. பையன்களைத் திட்டிப் பயனில்லை.

இனி, ஒரே பொருளுக்கு நான்கு பெயர் எப்படி வருகிறது என்று பாருங்கள். முக்கால் இன்ச் எல்போ ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் பில்லில் கம்பெனி என்ன அச்சடித்திருந்ததோ அதைப் பார்த்து ஒருவர் ஒரு பெயர் போடுகிறார். கவுண்டரில் பிளம்பர் வாயால் கேட்டதை இன்னொருவர் போடுகிறார். குடோனில் மில்லிமீட்டர் கணக்கில் மூன்றாவது பெயர் வருகிறது. நான்காவதை எக்ஸெல் உண்டாக்குகிறது.

மில்லிமீட்டர் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. விவசாயத்துக்குப் போகும் பி.வி.சி. பைப்புக்கு வெளிவிட்டம்தான் பெயர். அங்கே 20 எம்.எம். என்றால் அரை இன்ச், 25 எம்.எம். என்றால் முக்கால், 32 எம்.எம். என்றால் ஒரு இன்ச், 63 எம்.எம். என்றால் இரண்டு இன்ச். வீட்டுக் குழாய் வேலைக்கான யு.பி.வி.சி., சி.பி.வி.சி. வகைகளில் உள்ளளவுதான் பெயர். அங்கே 20 எம்.எம். முக்கால் இன்ச், 25 எம்.எம். ஒரு இன்ச். ஆக, '25 எம்.எம். எல்போ' என்று மட்டும் எழுதினால் அது முக்காலா, ஒன்றா என்று யாராலும் சொல்ல முடியாது. 'ஒரே எம்.எம்., ஒன்றாகச் சேர்த்துவிடலாம்' என்று கணினி தெரிந்த ஒரு பையன் இரவோடு இரவாகச் சேர்த்தால், இரண்டு வேறு சரக்குகள் ஒரே பெயருக்குள் கலந்துவிடும். பிரிப்பது சேர்ப்பதைவிடப் பன்மடங்கு கடினம். சுத்தம் செய்யும் வேலையை வெளியாளுக்குக் குத்தகை விட வேண்டாம் என்று வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். கணினியில் ஒருவர் உட்காரலாம். பக்கத்தில் குடோன்காரர் இருந்தே ஆகவேண்டும்.

எக்ஸெல் செய்யும் வேலை இன்னும் கவனிக்க வேண்டியது. நம் ஊர்த் தேதி அமைப்பில் ஒரு செல்லில் 3/4 என்று அடித்தால் அது ஏப்ரல் 3 ஆகிவிடும்; 1/2 என்றால் பிப்ரவரி 1. பிறகு அந்த செல்லை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றினால் 3/4 திரும்ப வராது. 2025-ல் அடித்ததாக இருந்தால் 45750 என்ற எண் வரும். 2026-ல் அடித்ததாக இருந்தால் 46115 வரும். இந்த இரண்டு ஆண்டுப் பட்டியல்களை ஒப்பிட்டால் ஒரே முக்கால் இன்ச், இரண்டு வேறு பொருளாகத் தெரியும். தடுப்பது எளிது. அளவு வரும் பத்தியை அடிக்கும் முன்பே டெக்ஸ்ட் ஆக்குங்கள். அல்லது அலகையும் சேர்த்து '3/4 இன்ச்' என்றே அடியுங்கள். எக்ஸெல் அதைத் தொடாது. கம்பெனி அனுப்பும் சி.எஸ்.வி. கோப்பை இருமுறை தட்டித் திறக்க வேண்டாம். டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் டெக்ஸ்ட் என்று வகை கொடுத்துத் திறங்கள்.

வங்கிக் கணக்கு எண்ணிலும் இதே தொல்லை உண்டு. எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் சுழியாகிவிடும். முன்னால் சுழி இருந்தால் அதுவும் விழுந்துவிடும். டெக்ஸ்டாக வைத்திருந்தாலும், இரட்டைப் பதிவு பார்க்க 'கவுன்டிஃப்' போட்டால் அது எண்ணாக எடுத்துக்கொண்டு முதல் 15 இலக்கத்தை மட்டும் ஒப்பிடும். வேறு வேறு கணக்குகளை ஒன்று என்று காட்டும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் வரும் ஒருவகை இடைவெளியை 'ட்ரிம்' நீக்காது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு பெயர்கள் பொருந்தாமல் போனால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

பெயர் வைக்கும் முறைக்கு வருவோம். பொருள் வகை, பாகம், அளவு, அழுத்த வகை அல்லது ஷெட்யூல், கம்பெனி என்ற இந்த வரிசையை மாற்றாமல் எழுதுங்கள். 'யு.பி.வி.சி. எல்போ 90 டிகிரி 3/4 இன்ச் ஷெட்யூல் 80' என்று எழுதி, பின்னால் கம்பெனிப் பெயர். விவசாயப் பைப் என்றால் '63 எம்.எம். 6 கிலோ' என்று கிலோ வர வேண்டும். 4 கிலோவும் 6 கிலோவும் விலையில் எவ்வளவு விலகும் என்பது உங்களுக்குத் தெரியும். பொருள் வகை, பாகம், அழுத்தம் ஆகிய மூன்றுக்கும் அனுமதித்த சொற்களின் பட்டியலை ஒரே தாளில் அச்சிட்டு, பொறுப்பாளர் மேசையில் ஒட்டுங்கள். 'எல்போ', 'பெண்ட்' இரண்டும் வேறு வேறு பாகம். யாரும் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதக் கூடாது.

கோடு எண்ணைப் பற்றி பலருக்கு ஒரு ஆசை உண்டு. முதல் இரண்டு எழுத்து கம்பெனி, அடுத்தது அளவு, அடுத்தது வகை என்று எல்லாவற்றையும் கோடுக்குள் திணிப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வகைப்பாடு ஒரு நாள் மாறும். அப்போது கோடு பொய் சொல்லும், ஆனால் ஆயிரக்கணக்கான பில்லில் போய்விட்டதால் மாற்றவும் முடியாது. 100001 என்று தொடங்கி வரிசையாகப் போகும் ஆறு இலக்க எண் போதும். உறையில் கம்பெனியே அச்சிட்ட 13 இலக்க பார்கோடு இருந்தால் அதையும் பார்ட் நம்பர் இடத்தில் ஏற்றிவிடுங்கள்.

அடுத்தது அலகு. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பைப் இருப்பு எப்போதும் மைனஸ் பக்கமே சாய்கிறதா என்று பாருங்கள். கொள்முதல் பில்லில் பைப் மீட்டரில் வருகிறது; ஒரு லென்த் 6 மீட்டர். கவுண்டரில் அதை '20 அடி லென்த்' என்று சொல்லி அடியில் பில் போடுகிறார்கள். 6 மீட்டர் என்பது 19.68 அடிதான், 20 அடி என்பது 6.096 மீட்டர். ஒவ்வொரு லென்த் விற்கும்போதும் கணினி 9.6 சென்டிமீட்டர் கூடுதலாகக் கழிக்கிறது. ஆயிரம் லென்த் விற்றால் 96 மீட்டர், அதாவது 16 லென்த், கணினியில் குறைந்துவிடும். யாரும் திருடவில்லை, யாரும் தப்பாக எண்ணவில்லை. இதைத் தீர்க்க அடிப்படை அலகை 'லென்த்' என்று வையுங்கள். மாற்று அலகு 6 மீட்டர். வெட்டி விற்கும் துண்டுகளுக்குத் தனிப் பெயர் திறந்து, ஒரு லென்த்தை வெட்டும்போது ஸ்டாக் ஜர்னல் (இருப்பை ஒரு பெயரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பதிவு) போட்டு மீட்டராக மாற்றுங்கள். ஒயர் காயிலுக்கும் (90 மீட்டர்), கிலோவில் வாங்கி எண்ணிக்கையில் விற்கும் போல்ட், கிளாம்ப்புக்கும் இதே முறை. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ஐட்டத்தின் அலகைத் திருத்தப் போகாதீர்கள். சரியான அலகில் புது ஐட்டம் திறந்து இருப்பை அதற்கு மாற்றுங்கள்.

சுத்தம் செய்வதை 6,800 பெயரில் தொடங்கினால் இரண்டாவது வாரத்திலேயே மனம் சலித்துவிடும். முதலில் இரண்டு பட்டியல் எடுங்கள். ஒரு வவுச்சர்கூட (பில், ரசீது போன்ற பதிவு) இல்லாத பெயர்களை டாலி அழிக்க விடும். பேக்கப் எடுத்துவிட்டு அழித்துவிடுங்கள். இரண்டு ஆண்டுகளாக வரவு, விற்பனை எதுவும் இல்லாமல் இருப்பும் சுழியாக உள்ளவை அடுத்த பட்டியல். இவற்றை அழிக்க முடியாது. பழைய பில்கள் இவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். பெயருக்கு முன் 'இசட்-இசட்' எழுத்துகளைச் சேர்த்து, பட்டியலின் அடிக்குத் தள்ளிவிடுங்கள். இந்த இரண்டு வேலைக்குப் பிறகு மிஞ்சுவதைத்தான் ஆளை வைத்துப் பார்க்க வேண்டும். அதையும் அதிகம் விற்கும் குழுவிலிருந்து, வாரம் ஒரு குழு என்று எடுங்கள்.

இரட்டைப் பெயரைச் சேர்ப்பதில் வரிசை முக்கியம். அந்தக் குழுவின் சரக்கை முதலில் குடோனில் எண்ணுங்கள். ஒரு பெயரில் 40, மற்றொரு பெயரில் மைனஸ் 37 என்று இருந்தால் உண்மையில் 3 இருக்க வேண்டும்; 3 இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். பிறகு தவறான பெயரின் இருப்பு சுழியாகும்படி ஸ்டாக் ஜர்னல் போட்டுச் சரியான பெயருக்கு மாற்றுங்கள். அளவோடு மதிப்பும் மாற வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் அந்தக் குழுவின் மொத்த இருப்பு மதிப்பு ஒன்றாகவே இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணிக்கையில் வந்த வித்தியாசத்தை இதே ஜர்னலில் கலக்காமல் தனியாகப் போடுங்கள். கடைசியாக, தவறான பெயரை 'இசட்-இசட்' போட்டு மாற்றிவிட்டு, அந்தப் பழைய பெயரைச் சரியான ஐட்டத்தின் ஏலியாஸாக (மாற்றுப் பெயராக) ஏற்றுங்கள். இந்த இரண்டையும் முன்பின் மாற்றிச் செய்தால், அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று டாலி மறுத்துவிடும். ஏலியாஸ் போட்டுவிட்டால் கவுண்டரில் பழைய பழக்கத்தில் தட்டினாலும் சரியான ஐட்டமே வரும். பையன்களின் பழக்கத்தை மாற்றச் சண்டை போட வேண்டியதில்லை.

மாஸ்டர் திறக்கும்போதே எச்.எஸ்.என். எண்ணையும் (வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்) சரிபாருங்கள். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்பதால் உங்களுக்கு 6 இலக்கம் கட்டாயம். விறைப்பான பி.வி.சி. பைப்புக்கு 391723, எல்போ, டீ, கப்ளர் போன்ற ஃபிட்டிங்ஸுக்கு 391740, வால்வு 8481-இன் கீழ், பம்ப் 8413-இன் கீழ். பைப்பின் எண்ணை ஃபிட்டிங்ஸுக்கும் போட்டுவிடுவது பரவலாக நடக்கும் தவறு. பெயர்கள் பெருகிக் கிடந்தால் வரி மாறும்போதும் அடி விழும். 2025 செப்டம்பர் 22 அன்று சொட்டுநீர், தெளிப்புநீர் நாசில்களுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. ஒரே நாசில் மூன்று பெயரில் இருந்தால் மூன்றிலும் மாற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போயிருந்தால் அந்தப் பெயரில் இன்றுவரை 12 சதவீதம் போய்க்கொண்டிருக்கும். உங்கள் பட்டியலில் அதை இன்றே தேடிப் பாருங்கள்.

பார்ட்டி மாஸ்டரில் பெயரை வைத்துத் தேடுவது நமக்கு ஒத்துவராது. ஸ்ரீ என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் எஸ்-ஆர்-ஐ என்பார், ஒருவர் எஸ்-ஆர்-இ-இ, இன்னொருவர் எஸ்-எச்-ஆர்-இ-இ. லட்சுமிக்குக் கே-எஸ்-எச் போடுபவரும் உண்டு, எக்ஸ் போடுபவரும் உண்டு. இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும். ஆங்கில ஒலியை வைத்துப் பெயர் பொருத்தும் முறைகள் இங்கே பாதியில் நின்றுவிடும். ஜி.எஸ்.டி. எண் உள்ளவர்களை அந்த எண்ணை வைத்துப் பொருத்துங்கள். விவசாயி, பிளம்பர் என்று எண் இல்லாதவர்களைக் கைப்பேசியின் கடைசி 10 இலக்கத்தை வைத்துப் பொருத்துங்கள். +91, முன்சுழி, இடைவெளி எல்லாவற்றையும் முதலில் நீக்கிவிட வேண்டும். அதிலும் சிக்காமல் மிஞ்சுபவற்றுக்கு ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் நன்றாக உதவும். அது உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும், பட்டியல் வெளியே போகாது. ஒத்த பெயர்களைக் கூட்டமாகக் காட்டும். சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொன்றாக நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜி.எஸ்.டி. எண்ணின் அமைப்பை உங்கள் கணக்கர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளம் 32, கர்நாடகம் 29, புதுச்சேரி 34. அடுத்த பத்து பான் எண். 13-ஆவது, அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. கடைசி எழுத்து, முந்தைய 14-ஐ வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு எழுத்து. அது தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும். சரியான வடிவில் இருக்கும் இன்னொருவர் எண்ணைப் பிடிக்காது. பில்லை அரசிடம் பதிவுசெய்யும் இ-இன்வாய்ஸ் தளமும் அப்படித்தான். இல்லாத எண்ணைத் தள்ளும். தவறான ஆளின் நடப்பில் உள்ள எண்ணை ஏற்றுக்கொள்ளும்.

உங்கள் 2 லட்சம் ரூபாய்ச் சிக்கல் இப்படி வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்பா பெயரில் தனிநபர் கடையாக இருந்தது மகனோடு சேர்ந்து பங்குதாரர் நிறுவனமானால், பான் மாறும், ஜி.எஸ்.டி. எண்ணும் மாறும். பானின் நான்காவது எழுத்து தனிநபருக்கு 'பி', பங்குதாரர் நிறுவனத்துக்கு 'எஃப்', கம்பெனிக்கு 'சி'. போர்டு அதே, ஆள் அதே, போன் அதே; உங்கள் பில்லில் மட்டும் பழைய எண் போகும். ஜி.எஸ்.டி. தளத்தில் லாகின் இல்லாமலே எந்த எண்ணையும் தேடலாம். சட்டப் பெயர், வணிகப் பெயர், நடப்பில் உள்ளதா ரத்தானதா என்று காட்டும். கடன் பார்ட்டிகள் எல்லோரையும் ஒருமுறை முழுதாகச் சரிபாருங்கள். பிறகு மாதாமாதம் 7-ஆம் தேதி, முந்தைய மாத பில்லில் புதிதாக வந்த எண்களைப் பாருங்கள். 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 (உங்கள் விற்பனை ரிட்டர்ன்) போகவேண்டும், 14-ஆம் தேதி வாங்கியவருக்கு 2பி (அவருக்குக் கிடைக்கும் வரி வரவின் அறிக்கை) வந்துவிடும். அதற்கு முன் பிடித்தால் அவருக்குப் பிரச்சினையே தெரியாது. இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதைத் தாண்டி, ரிட்டர்னும் போன பிறகு தெரியும் பிழைகளை அடுத்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் 9ஏ அட்டவணையில் திருத்த வேண்டும். இதற்கான கடைசி வாய்ப்பு அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரை. ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அதோடு முடிந்துவிடும். நிறுத்திவைத்த பில்லை உங்கள் ஆடிட்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரே பான், ஒன்று 33, மற்றொன்று 32 என்று இருந்தால் அது இரட்டைப் பதிவு இல்லை. அந்தப் பார்ட்டியின் பாலக்காட்டுக் கிளை தனிப் பதிவு, தனி லெட்ஜர் (கணக்கு), வெளிமாநில விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. உண்மையான இரட்டை லெட்ஜர்களைச் சேர்க்கும் முன், மூன்று பெயரின் கணக்கையும் ஒரே அறிக்கையாக எடுத்துப் பார்ட்டிக்கு அனுப்பி, நிலுவை சரிதான் என்று எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு ஜர்னல் போட்டு மாற்றும்போது ஒவ்வொரு பில்லின் எண்ணையும் பழைய தேதியையும் அப்படியே கொண்டுபோங்கள். மொத்தத் தொகையாக ஒரே வரியில் மாற்றினால் 140 நாள் பாக்கி இன்று பிறந்த பாக்கியாகிவிடும்; வசூலுக்குப் போகும் பையன் அதைக் கேட்கவே மாட்டான்.

நீங்கள் வாங்கும் கம்பெனிகளின் மாஸ்டரில் இரண்டு விவரம் கூடுதலாக வேண்டும். ஒன்று, உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) எண், அவர்கள் குறு, சிறு, நடுத்தரம் இதில் எது, உற்பத்தியாளரா வியாபாரியா என்பது. குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளிலும், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதியில், மிஞ்சினால் 45 நாளிலும் பணம் போக வேண்டும். போகாவிட்டால் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாக வந்த விதிப்படி, அந்தத் தொகை கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழியும். இது 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இரண்டு, வங்கிக் கணக்கு. 'எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது' என்று மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ வந்தால், அதில் உள்ள எண்ணுக்குப் பேசாமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் பேசி உறுதிசெய்த பிறகே மாஸ்டரைத் தொட வேண்டும்.

இருப்பை எண்ணுவதை ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்தால், மார்ச் 31 அன்று தெரியும் வித்தியாசம் எந்த மாதத்தில் வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. தினமும் காலையில் கடை திறக்கும் முன் 20 ஐட்டம் எண்ணுங்கள். பம்ப், மோட்டார், பெரிய அளவு பைப் மாதம் ஒருமுறை சுற்றி வரட்டும். சில்லறை ஃபிட்டிங்ஸ் ஆண்டுக்கு ஒருமுறை போதும். எண்ணுபவர் கையில் கொடுக்கும் தாளில் கணினி இருப்பு இருக்கக் கூடாது. இருந்தால் 48 கிடைத்தாலும் 50 என்றே எழுதிக்கொண்டு வருவார். வித்தியாசம் வந்தால் ஜர்னல் போடும் முன் காரணம் எழுத வேண்டும்: வேறு பெயரில் பில், அலகுத் தவறு, ஏறாத கொள்முதல், உடைசல், கிளைக்குப் போனது, தெரியவில்லை. இரண்டு மாதம் எழுதினால் எந்தக் காரணம் மேலே நிற்கிறது என்று தானே தெரியும். கிளைக்குப் போவதுதான் மேலே நிற்கும் என்பது என் கணிப்பு. ஈரோட்டில் மாலை ஏற்றுகிறார்கள், கோபியில் மறுநாள் இறக்குகிறார்கள். இடையில் சரக்கு எங்கே என்று இரண்டு குடோனுக்கும் தெரியாது. டாலியில் 'வழியில்' என்று ஒரு குடோன் திறந்து, ஏற்றும்போது அதற்கும், இறக்கி எண்ணிய பிறகு கிளைக்கும் மாற்றுங்கள். இரண்டு நாளுக்கு மேல் அங்கே எது கிடந்தாலும் போன் போட்டுக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் நீங்களே பார்க்க வேண்டிய எண்கள் நான்கு: இந்த வாரம் பிறந்த புதுப் பெயர்கள், மைனஸில் உள்ள ஐட்டங்கள், 'இதர' பெயரில் போன தொகை, எண்ணியதில் பொருந்தியவை எத்தனை சதவீதம். பம்ப்பில் ஒன்றுகூட வித்தியாசம் இருக்கக் கூடாது. ஃபிட்டிங்ஸில் 2 சதவீதம் வரை பொருந்தியதாகவே எடுத்துக்கொள்ளலாம். முதலாளி பார்ப்பதில்லை என்று தெரிந்த நாளிலிருந்து இதை யாரும் செய்ய மாட்டார்கள். ஆகவே இந்த ஒன்றை மகனிடம்கூட விட வேண்டாம்.

பொருந்தும் விகிதம் தொடர்ந்து மூன்று மாதம் 95-க்கு மேல் நின்றால் மென்பொருளைப் பற்றிப் பேசலாம். அப்போது மகன் சொல்வதில் நியாயம் இருக்கும். மூன்று இடத்தின் இருப்பை ஒரே திரையில் பார்ப்பதும், பார்கோடு வைத்து பில் போடுவதும் உண்மையிலேயே வேலையை மிச்சப்படுத்தும். புழக்கத்தில் உள்ள ஐட்டமும் பார்ட்டியும் மட்டும் போகட்டும். பாக்கி பில் பில்லாகப் போகட்டும். பழைய ஆண்டுகளின் வவுச்சர்களைக் கொண்டுபோக வேண்டாம். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால், டாலி டேட்டாவைத் திருத்த முடியாதபடி பூட்டி, இரண்டு இடத்தில் பேக்கப் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். மாறும் நாளில் இருப்பு மதிப்பு, வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய பாக்கி, டிரயல் பேலன்ஸ் நான்கும் பைசா மாறாமல் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் புதியதில் முதல் பில் போட வேண்டும்.

விற்பனையாளர் டெமோ காட்ட வரும்போது அவர் கொண்டுவரும் மாதிரிப் பட்டியலைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு அதிகத் தொல்லை கொடுத்த 50 ஐட்டங்களையும் 10 பார்ட்டிகளையும் கொடுத்து, அவற்றை ஏற்றி, ஒரு லென்த் பைப்பை வெட்டி விற்று, அதில் பாதியைத் திரும்ப எடுத்து, கோபிக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில், எல்லா மாஸ்டரையும் எல்லா வவுச்சரையும் நீங்கள் கேட்ட நாளில் கட்டணமில்லாமல் சி.எஸ்.வி. கோப்பாகத் தரவேண்டும் என்ற வரி இருக்கட்டும். அதற்கு அவர் தயங்கினால், 12 லட்சத்தை 8 லட்சமாகக் குறைத்துக்கொடுத்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.